ஒஸ்லோவுக்குக் கொண்டுபோன ஒன்பதாவது கேள்வி

"எத்தனை நாள்?" என்று கேட்டார் ஒஸ்லோ விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரி.

"பத்து நாள்."

"என்ன வேலையாக?"

"உங்கள் நாட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு எப்படி விடுப்பு கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள."

அவர் அப்போதுதான் முகத்தை நிமிர்த்தினார். "அப்படியென்றால் நீங்கள் விடுப்பில் வரவில்லையா?"

"இல்லை. இதுதான் என் வேலை."

"பாவம்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

வாஷிங்டனில் நான் வேலை பார்த்தது ஒரு கொள்கை ஆய்வு மையத்தில். சட்டம் போடுகிறவர்களுக்கு யோசனை எழுதிக் கொடுக்கும் இடம். அந்த ஊரில் இப்படிப்பட்ட மையங்கள் ஏராளம். சில இடப்பக்கம் சாய்ந்தவை, சில வலப்பக்கம். எங்களுடையது நடுவில் நிற்பது. இரண்டு கட்சிகளிலிருந்தும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் அதன் குழுவில் இருந்தார்கள். நாங்கள் எழுதும் வரைவு முதலில் ஒரு கட்சிக்காரரிடம் போகும். தனக்கு ஒவ்வாத வரியை அவர் நீலப் பென்சிலால் அடிப்பார். பிறகு மற்றவரிடம் போகும். அவர் கையில் சிவப்புப் பென்சில். இரண்டு நிறமும் படாமல் தப்பிய வரிகள்தான் அறிக்கை. ஒருவர் பகல் என்று சொல்லி, மற்றவர் இரவு என்று சொன்னால் நாம் சாயங்காலம் என்று அச்சடிப்போம் என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம்.

சிரித்தாலும் எனக்கு அந்த வேலைமீது மரியாதை இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். எங்கள் தெருவுக்கு வரவேண்டிய தண்ணீர்க் குழாயை ஒரு கட்சிக்காரர் கொண்டுவந்தால் மற்றவர் தடுப்பார். அவர் கொண்டுவந்தால் இவர். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை குழாய் வரவில்லை. ஆகவே, கத்துகிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பாதிக் குழாயாவது வாங்கித் தருகிறவர்களை நான் கேலி பேச மாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். இதை எங்கே போனாலும் சொல்லிவிடுவேன். சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒஸ்லோ வேலையும் நான் கேட்டு வாங்கியதுதான். சாகக் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஊழியருக்குச் சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு தரலாம் என்பது அறிக்கையின் பொருள். அமெரிக்கச் சட்டத்தில் பெரிய நிறுவனங்களின் ஊழியருக்குப் பன்னிரண்டு வாரம் உண்டு, சம்பளம் கிடையாது. நார்வேயில் அப்போது இருபது நாள், சம்பளத்தோடு. இரண்டு கட்சிகளும் அடிக்காமல் விடும் ஓர் எண்ணை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ஒரு கேள்வித்தாள் தயாரித்தோம். அதில் ஒன்பதாவது கேள்வி என்னுடையது. "இதைவிடக் குறைவாகக் கிடைத்திருந்தால், எத்தனை நாளில் சமாளித்திருப்பீர்கள்?"

என் மேலாளர் டாம் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அறிக்கையே இந்தக் கேள்விதான்! இந்தப் பதில்களை மட்டும் கொண்டுவா. அட்டையில் என் பெயருக்குக் கீழே உன் பெயர்."

அன்றைக்கே ஊருக்குப் போன் செய்தேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "அட்டையிலயா? வெளியில தெரியுத மாதிரியா?" என்று இரண்டு தடவை கேட்டார். இடையிடையே இருமினார். மூன்று மாதமாகவே அந்த இருமல் இருந்தது.

ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்தில் ஜசிந்தா அக்கா எனக்காக நின்றுகொண்டிருந்தார். எங்கள் மையத்தில் கணினி பார்க்கும் மன்னார்க்காரர் ஒருவரின் தமக்கை. ஓட்டல் வேண்டாம், அக்கா வீட்டில் தங்கு என்று அவர்தான் சொல்லியனுப்பியிருந்தார். அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தோளைத் தாண்டித் தொங்கும் ஓர் ஆண்பிள்ளைக் குளிர்கோட்டு போட்டிருந்தார்.

"பொன்மாரியோ? கையுறை எங்கை பிள்ளை?"

"வாங்கலக்கா. வாஷிங்டன்லயும் குளிருதான்."

"அந்தக் குளிர் வேறை. இது விரலைக் கொண்டுபோயிடும். இந்தாங்கோ." தன் கையுறையில் ஒன்றைக் கழற்றித் தந்தார். ஆளுக்கு ஒரு கையுறை, மற்றக் கை பைக்குள். அப்படியே நடந்தோம்.

வழியெல்லாம் பனியை வழித்து ஓரத்தில் குவித்திருந்தார்கள். சாம்பல் பூத்த வெள்ளைக் குவியல்கள். நான் நின்றுவிட்டேன். அச்சு அசல் உப்பு அம்பாரம். மேலே ஓலை மூடினால் எங்கள் ஊர்.

மூன்றாம் மாடியில் வீடு. சுவரில் மாதா படம், அதன் பக்கத்தில் ஒரு மீசைக்காரரின் புகைப்படம், இரண்டுக்கும் நடுவில் மின்சார மெழுகுவத்தி. "இவர் அருள். என்ரை மனிசன். மூண்டு வருசமாச்சு" என்றார் அக்கா, நான் கேட்பதற்கு முன்பே. வாசலில் தொங்கவிட்ட குளிர்கோட்டு யாருடையது என்று அப்போது புரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன் சொதியும். மகள் நிரோஷிக்குப் பதினாறு வயது. நான் "சூப்பரா இருக்குக்கா" என்று சொன்னதும் அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து, "அம்மா, இவ படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறா" என்றாள்.

"நாளைக்கு உனக்கு ப்ரோவ இருக்கெல்லோ? அதைப் படி." ப்ரோவ என்றால் பரீட்சை. "இந்தியாக்காரர் அப்பிடித்தான் கதைப்பினம். எங்கடை கதையைக் கேட்டால் அவைக்கும் சிரிப்புத்தான் வரும். என்ன பிள்ளை?"

"இல்லக்கா" என்றேன். சிரிப்பு வந்தது உண்மை.

திங்கட்கிழமை காலை, தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்குப் பேசினேன். பனி வழுக்காமல் இருக்க இங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"தின்னுத உப்பையா தெருவுல போடுதான்? லாரியிலயா?"

"ஆமாப்பா. லாரி லாரியா."

"நம்ம உப்பா இருக்குமோ?" சிரிக்கத் தொடங்கி, இருமலில் முடித்தார். "பேரு அட்டையில உண்டுல்லா?"

"உண்டுப்பா."

அன்றைக்குத் தொழிலாளர் அமைச்சகத்தில் என்னைச் சந்தித்த அம்மாள் பெயர் இங்கெர். மதியம் அங்கேயே சாப்பாடு. ரொட்டித் துண்டின்மேல் பழுப்பு நிறச் சீஸைச் சீவிச் சீவி வைத்தார். பால்கோவாவில் யாரோ தவறி உப்பைக் கொட்டியதுபோல் இருந்தது. மூன்று துண்டு சாப்பிட்டேன்.

"இருபது என்ற எண் எப்படி வந்தது? ஆய்வு ஏதாவது செய்தார்களா?" என்று கேட்டேன்.

அவர் சீஸ் கத்தியைத் துடைத்தபடி சிரித்தார். "அந்த அறையில் நான் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட எண்கள் எப்படிப் பிறக்கும் என்று வாஷிங்டனிலிருந்து வந்தவளுக்கா நான் சொல்ல வேண்டும்?"

எனக்கு அது பிடித்திருந்தது. இவர்களும் நம் மாதிரித்தான் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பேட்டிகள். முதலில் ஒரு தச்சர். தாய்க்குப் புற்றுநோய். இருபது நாளும் எடுத்திருந்தார். ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது மேசை விளிம்பை விரலால் அளப்பதுபோல் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். "பதினைந்து. இழுத்துப் பிடித்திருந்தால் பதினைந்தில் சமாளித்திருப்பேன்." அடுத்தவர் ஓர் ஆசிரியை. "பன்னிரண்டு" என்றார். எண்கள் விழ விழ எனக்கு உற்சாகம். இவர்கள் எவ்வளவு நியாயமான மனிதர்கள்! கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள்!

மாலை ஐந்து மணிக்கு நான் வீடு திரும்பியபோது அண்ணன் அழைத்தான். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். அவன் குரல் எப்போதும் உரத்துத்தான் இருக்கும். அன்றைக்குத் தணிந்திருந்தது.

"பொன்னு, அப்பாவ பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கு. மூக்குல காத்து வச்சிருக்காங்க. டாக்டரு எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேங்காரு. நீ வந்துரு தாயி."

"எத்தன நாள்ண்ணே? எத்தன நாள்னு கேட்டியா?"

"அத யாரு சொல்லுவா? உன்னத்தான் கேட்டுக்கிட்டு கெடக்காரு."

டாமுக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர். இதை இங்கே சொல்லியாக வேண்டும். "இப்போதே கிளம்பு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "மீதிப் பேட்டிகளை வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்ளலாம். அட்டைப் பெயர்... அதைப் பிறகு பார்ப்போம். அதைப் பற்றி யோசிக்காதே." யோசிக்காதே என்று அவர் சொன்ன பிறகு நான் அதை மட்டும்தான் யோசித்தேன்.

ஒரு தாள் எடுத்தேன். மேலே "புதன்" என்று எழுதினேன்; உடனே கிளம்பினால் அந்த நாள். கீழே "அடுத்த செவ்வாய்" என்று எழுதினேன். ஏற்கெனவே போட்டிருந்த பயணம். நடுவில் சரியாக மூன்று நாள் தள்ளி, "சனி". வெள்ளிக்கிழமைக்குள் ஓடி ஓடிப் பேட்டிகளை முடித்துவிடலாம். சனிக்கிழமை காலை விமானம். அப்பாவுக்கும் குறை இல்லை, வேலைக்கும் குறை இல்லை. அவர் கேட்ட அட்டையையும் கொடுத்துவிடலாம். நான் வாங்கும் சம்பளம் இந்த மாதிரிக் கணக்குக்குத்தான். அன்று மாலை அதைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சனிக்கிழமையோ?" என்றார் ஜசிந்தா அக்கா. தேத்தண்ணீர்க் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றார். "நாளைக்கு ஏலாதோ பிள்ளை?"

"வேலைய பாதில விட முடியாதுக்கா. மூணு நாள்தான."

அவர் மாதா படத்தின் முன்னால் போய் நின்று கொஞ்சநேரம் உதட்டை அசைத்தார்.

புதன்கிழமை நான்கு பேட்டிகள். நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்கு, மேற்கிலிருந்து கிழக்கு. சுரங்க ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டுச் சன்னலைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேருந்தில் இந்நேரம் மூன்று பேர் என் அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்டு, நான்கு பேர் வைத்தியம் சொல்லியிருப்பார்கள். அண்ணனை அழைத்தேன். "அப்படியேதான் இருக்கு" என்றான். அப்படியே இருக்கிறது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன்.

குடியேறியவர் குடும்பம் ஒன்றாவது இருந்தால் நல்லது, இரண்டு கட்சிக்கும் அது தேவைப்படும் என்று டாம் சொல்லியிருந்தார். அக்காவிடம் கேட்டேன். வியாழக்கிழமை வேலையிடத்துக்கு வரச் சொன்னார். அவர் ஸ்ட்ரோம்மனில் ஒரு பெரிய வணிக வளாகத்தில் துப்புரவு வேலை பார்த்தார். உள்ளூர் ரயிலில் சில நிறுத்தங்கள்தான். ஏதோ யோசனையில் இறங்காமல் விட்டுவிட்டு, அடுத்த ஊர்வரை போய், எதிர்ப்பக்க ரயில் பிடித்துத் திரும்பிவந்தேன். அக்காவின் இடைவேளையில் பாதி அதில் போயிற்று.

ஊழியர் அறையில் இருவரும் உட்கார்ந்தோம். தகரப் பெட்டியிலிருந்து ரொட்டியும் சம்பலும் எடுத்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் தாளை விரித்தேன். முதல் எட்டுக் கேள்விகளுக்கும் வேகமாகப் பதில் வந்தது. அருளுக்கு ஈரலில் வியாதி. அக்கா இருபது நாளையும் எடுத்தார். கொந்தோரில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அலுவலகத்தை அவர் அப்படித்தான் சொல்வார்.

"இது ஒன்பதாவது கேள்வி, அக்கா. இதவிடக் கொறைவா கெடச்சிருந்தா, எத்தன நாள்ல சமாளிச்சிருப்பீங்க?"

அவர் ரொட்டியை வைத்துவிட்டார்.

"டொக்டர் சொன்னவர், இனிக் கெதியா முடிஞ்சிடும் எண்டு. அதை நம்பி நான் முதல் நாளிலையிருந்தே எடுத்தனான். ஒவ்வொரு நாளும் கலண்டரில வெட்டினன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மனிசன் சாகேல்லை. எனக்குச் சந்தோசப்படுறதோ, பயப்படுறதோ எண்டு தெரியேல்லை. இருபத்தோராம் நாள் வேலைக்கு வந்திட்டன். இருபத்திமூண்டாம் நாள், அந்தா, அந்த மின்படிக்குக் கீழை நிலம் துடைச்சுக்கொண்டு நிக்கேக்கை போன் வந்தது. ஒரு நேர்ஸ்தான் பக்கத்தில இருந்தவ. நல்ல பிள்ளையாம். கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தவவாம். எண்டாலும், அவருக்கு அவவின்ரை பாசை விளங்காது."

நான் பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தேன்.

"இந்தக் கேள்வியை ஆர் எழுதினது?"

"நான்தாங்க்கா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அப்ப உங்களையே கேக்கிறன் பிள்ளை. உங்கடை அப்பாவுக்கு எத்தினை நாள் குறைச்சனீங்கள்?"

மூன்று. புதனுக்கும் சனிக்கும் நடுவில் நானே போட்ட கணக்கு.

இடைவேளை முடிந்து அவர் எழுந்தார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டு, அதே வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பயண அலுவலகத்துக்கு ஓடினேன். கணினியின் முன்னால் இருந்த பெண் நிதானமாகத் தேடினாள். "நாளைக்கு இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். ஒரு நகரத்தில் ஓர் இரவு காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ச் சேர்வீர்கள்." சனிக்கிழமை கிளம்பினாலும் ஞாயிறு மதியம்தான். "இன்றைக்கு?" என்று கேட்டேன். "இன்றைய விமானம் ஒரு மணிநேரம் முன்பு போய்விட்டது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணனை அழைத்தேன். போனை அப்பாவின் காதில் வைத்தான். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஞாயித்துக்கெழம வந்துருவேம்ப்பா" என்றேன். வீட்டில் வெறுமனே உட்கார முடியவில்லை. கடைசிப் பேட்டி திராமனில் இருந்தது. போனேன். ஆற்றங்கரை ஊர்; ஆற்றின் விளிம்பெல்லாம் பனிக்கட்டி. தம்பியை இழந்த ஒரு முதியவரிடம் எட்டுக் கேள்விகள் கேட்டேன். ஒன்பதாவதைத் தாண்டிப் பத்தாவதற்குப் போய்விட்டேன். அவர் கவனிக்கவில்லை.

திரும்பும்போது ரயில் வெட்டவெளியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் பனி என்று அறிவித்தார்கள். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. எதிரில் ஒரு வயதானவர் ஓர் ஆரஞ்சுப்பழத்தை எடுத்து, தோலை ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருந்தார். ஒஸ்லோவில் மணி இரண்டரை. ஊரில் இரவு ஏழு. போன் அடித்தது.

"பொன்னு" என்றான் அண்ணன். பின்னால் அத்தை அழும் குரல் கேட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தப் பெட்டியில் நான் ஒருத்தி மட்டும் சத்தம் போட்டு அழுதேன். எல்லோரும் சன்னலைப் பார்த்தார்கள். வெளியே பார்க்க வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எதிரில் இருந்தவர் ஆரஞ்சுச் சுளைகளில் பாதியைப் பிரித்து, கைக்குட்டைத் தாளில் வைத்து, என் பக்கம் நகர்த்தினார். வெகுநேரம் கழித்து ஆங்கிலத்தில் கேட்டார். "அப்பாவா?"

எப்படித் தெரிந்துகொண்டாரோ. தலையசைத்தேன்.

"பக்கத்தில் யாராவது இருந்தார்களா?"

"அண்ணன்."

"நல்லது" என்றார். ஒஸ்லோ வரும்வரை அவர் பேசிய பேச்சு அவ்வளவுதான். அவர் இறங்கிப் போன பிறகு அந்தச் சுளைகளைத் தின்றேன்.

புதன்கிழமை கிளம்பியிருந்தால் வியாழன் மதியம் போய்ச் சேர்ந்திருப்பேன். அந்த நாளின் மாலையும் வெள்ளிக்கிழமை முழுதும் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கைப் போடவும் ஐந்து நிமிடம் ஆகவில்லை.

சனிக்கிழமை நான் விழித்தபோது அக்கா வேலையுடுப்புப் போடாமல் அருளின் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு வேலை என்று எனக்குத் தெரியும்.

"அம்மா எகன்மெல்டிங் போட்டிட்டா" என்றாள் நிரோஷி ரகசியமாக. "சுகமில்லை எண்டு தானே போன் பண்ணிச் சொல்லுறது. டொக்டர் கடிதம் தேவையில்லை. அம்மா ஒருநாளும் போட்டதில்லை. காய்ச்சலுக்குக்கூட."

"வாயை மூடு. பொன்மாரி அக்காவின்ரை பெட்டியைத் தூக்கு."

விமான நிலைய ரயிலில் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் எனக்காகக் கட்டிய புட்டுப் பொட்டலம். கை இரண்டிலும் கையுறை இல்லை. இரண்டையும் எனக்குப் போட்டுவிட்டிருந்தார்.

"எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களேக்கா."

"ஓம்." சன்னலையே பார்த்தபடி இருந்தார். "இருபத்தோராம் நாளும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம். அண்டைக்கு எனக்குப் பொய் சொல்ல வரேல்லை. அது உனக்கு வருத்தம் வந்தால் மட்டும்தான் எண்டு சொல்லித் தந்தவை. நான் அதைக் கேட்டு நடந்தனான்." நோயை அவர் வருத்தம் என்றுதான் சொல்வார். "எனக்கும் வருத்தம்தானே பிள்ளை, அதை நான் யோசிக்கேல்லை" என்றார்.

ஊரில் அப்பாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடி. "உனக்காகத்தாம் வச்சிருக்கு" என்றார் மாமா. தெருவே எனக்காகக் காத்துக் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து மகள் வருகிறாள் என்று வழி விட்டார்கள். கண்ணாடிக்கு உட்புறம் பனி படர்ந்திருந்தது. வெளியிலிருந்து துடைத்தால் போகவில்லை. நான் ஒஸ்லோக் கையுறையைக் கழற்றாமலேயே துடைத்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு அண்ணன் சொன்னான்.

வாஷிங்டன் திரும்பி வரைவை எழுதினேன். ஜசிந்தா அக்காவின் இருபத்தொன்றாம் நாளையும் இருபத்திமூன்றாம் நாளையும் ஒரு பத்தியாக எழுதினேன்; பெயர் இல்லாமல்தான். என் வாழ்நாளில் நான் எழுதியதில் நல்ல பத்தி அது. நீலப் பென்சில்காரர் அடித்தார்: இருபது நாளே போதாது என்று இது சொல்கிறது, சட்டத்தை ஒருநாளும் நிறைவேற்ற விட மாட்டார்கள். சிவப்புப் பென்சில்காரரும் அடித்தார்: எவ்வளவு கொடுத்தாலும் இன்னும் கேட்பார்கள் என்று இது சொல்கிறது. எங்கள் மையத்தின் அனுபவத்தில் ஒரே பத்தியில் இரண்டு நிறமும் விழுவது அபூர்வம். இருவரும் அடிக்காமல் விட்ட வரி ஒன்றுதான் முக்கியமானது: சம்பளத்துடன் பத்து நாள். அதற்கு ஆதாரமாக ஒன்பதாவது கேள்வியின் பதில்கள் அழகான அட்டவணையாக இருந்தன. அதைத் தயாரித்தவளும் நான்தான். பாதிக் குழாயாவது வரட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தயாரித்தேன். அதை இன்றும் முழுதாகத் தப்பென்று சொல்ல எனக்கு வரவில்லை.

அட்டையில் டாமின் பெயருக்குக் கீழே என் பெயர் வந்தது. வெளியில் தெரிகிற மாதிரி.

அன்றைக்கு அக்காவை அழைத்தேன். ஹவுகன்ஸ்டுவாவில் பனி உருகத் தொடங்கிவிட்டதாம். நிரோஷி எல்லாப் ப்ரோவவும் பாஸ்.

"அறிக்கை வந்துட்டுதுக்கா."

"நல்லது பிள்ளை. என்ன எழுதினனீங்கள்?"

"பத்து நாள்னு போட்டிருக்கோம்."

"பத்தோ." பாத்திரம் கழுவும் தண்ணீரை அவர் நிறுத்தியது கேட்டது. "அப்ப பதினோராம் நாள் பக்கத்தில ஆர் இருப்பினம்?"

அவர் அதைக் குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அறிக்கை எழுதியவள் நான் என்பதால், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து என் பதிலுக்காகக் காத்திருந்தார்.